மண்ணுல படுத்துட்டு மகாகாவியமா?

ஏலே, பட்டணத்துல உக்காந்துக்கிட்டு நீ உன் சேக்காளிமாருக்கெல்லாம் ஒரு பட்டியல் அனுப்பியிருக்க. ‘இந்தக் கோடையில் கடற்கரையில் வாசிக்கப் பத்துப் புத்தகங்கள்.’ அது ஊரெல்லாம் சுத்தி, உன் சித்தி மவன் செல்லு வழியா எனக்கும் வந்து சேந்துட்டு. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தேன். நல்ல புத்தகங்கதான். ஒண்ணும் சோடையில்ல. ஒரே ஒரு சந்தேகம். கடக்கரைய நீ கடைசியா எப்பம்லே பாத்த?

அக்கினி நட்சத்திரத்துல, மத்தியானம் ஒரு மணிக்கு, மணப்பாட்டு மணல்ல செருப்பில்லாம நின்னுருக்கியா? நிக்க மாட்ட. குதிப்ப. அங்கன துண்ட விரிச்சுப் படுத்து நாவல் படிக்கணும்னு எழுதியிருக்கியே, வேகுறது யாரு முதுகு? வெள்ளைத் தாளு வெயில்ல கண்ணக் கூசும். செல்லுல படிக்கலாம்னு பாத்தா, அதுல உன் மூஞ்சிதான் தெரியும். அதையும் எம்புட்டு நேரம்லே பாப்ப?

சரி, வெயில் தாழப் போவோம்னு வச்சுக்கோ. அங்க காத்து காத்துக்கிட்டு இருக்கும். பகல் முழுக்கக் கரை சூடாகிக் கெடக்கா, அந்தச் சூட்டுக் காத்து மேல எந்திரிக்க எந்திரிக்க, கடல்ல இருக்க குளுந்த காத்து கரைக்குப் பாஞ்சு வருது. அதுக்கு நீ எந்தப் பக்கத்துல நிக்கேங்கிற கவலையா இருக்கு? அது பாட்டுக்கு முப்பது பக்கம் புரட்டிட்டுப் போவும். சில நாவல்ல முப்பது பக்கம் தள்ளிப் போனாலும் கதை அங்கனயேதான் நிக்கும், அது வேற விசயம். வைகாசி, ஆனியில கச்சான் கெளம்பிட்டா இன்னும் விசேசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாப் பிச்சுக்கிட்டு வர்ற காத்து, தேரிச் செம்மண்ண அள்ளிட்டு வரும். குதிரைமொழித் தேரியில மணல்மேட்டையே எடம் மாத்துற காத்துலே அது. உன் புத்தகத்த விட்டுவைக்குமா?

இன்னொண்ணும் கேட்டுக்கோ. இப்ப வர்ற புத்தகத்துல பாதி வெறும் பசை ஒட்டு. தையல் கெடையாது. சூடு பட்டா அந்தப் பசை எளகிப் போவும். முதல்ல நடுப்பக்கம் ஒண்ணு கழண்டு வரும். அதப் புடிக்க நீ ஓடுவ. நீ ஓடுன நேரத்துல இன்னும் நாலு கழலும். முந்நூறு நானூறு ரூவாய்க்கு வாங்குன புத்தகத்த அலைக்கும் காக்காய்க்கும் பங்கு வச்சுட்டு வீட்டுக்கு வருவ. இதெல்லாம் பட்டியல்ல எழுதுனியா?

இந்தக் கடக்கரை வாசிப்பு எங்க பெறந்துச்சு தெரியுமா? குளிர் நாட்டுல. அவன் வருசத்துல பாதி நாளு கம்பளிக்குள்ள கெடக்கவன், வெயிலுக்கு ஏங்குவான். 19-ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல ரயிலு ஓட ஆரம்பிச்சு, கடலோரத்துல ஓட்டலுகளும் வந்துச்சு. கோடை வந்தாக் கூட்டம் கூட்டமாக் கெளம்பிட்டான். புத்தகம் போடுறவன் சும்மா இருப்பானா? லேசுப்பட்ட கதையாப் பாத்து, மெல்லிசா அட்டையப் போட்டு, ‘கோடைக்கு இதப் படி’ன்னு விளம்பரம் பண்ணி வித்தான். வியாபாரி பண்ணுன வேலைதான். ஆனா அவனும் ஒரு விசயத்துல யோக்கியன். லேசான கதையத்தான் வித்தான். நீ என்ன செஞ்சிருக்க? அவன் பழக்கத்த மட்டும் எறக்குமதி பண்ணி, அது தலையில ஆயிரம் பக்கத்தத் தூக்கி வச்சிருக்க.

உன் பட்டியல்ல முதப் பேரு ‘கொற்கை’. ஜோ டி குரூஸ் எழுதுனது. உவரிக்காரரு, நம்ம கரைப் புள்ள. 2013-ல சாகித்ய அகாதமி பரிசு குடுத்தாங்க. தூத்துக்குடிக் கதை, ஆயிரம் பக்கத்துக்கு மேல. புத்தகத்த நான் ஒண்ணும் கொறை சொல்லல. சனிக்கெழம காலையில வந்து ஞாயித்துக்கெழம ராத்திரி ரயிலேறுறவனுக்கா அத எழுதிக் குடுப்ப? போன வருசம் உன் சேக்காளி ஒருத்தன் தூக்கிட்டு வந்தானே, பாத்தேன். தலைக்கு வச்சு நல்லாத் தூங்குனான். எந்திரிச்சப்ப அட்டையோட வெளும்பு கன்னத்துல கோடு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல அந்தப் புத்தகம் அவனுக்குள்ள எறங்கல.

ரெண்டாவது, ‘புயலிலே ஒரு தோணி’. தலைப்புல தோணி இருக்கேன்னு சேத்தியா? ப. சிங்காரம் எழுதுன அந்தக் கதை மெடான்லயும் பினாங்குலயும் நடக்கு. ரெண்டாம் உலகப் போரு. கடக்கரைக்குப் போறவனுக்குத் தோணிக் கதை குடுக்கணும்னா, கொடைக்கானலுக்குப் போறவனுக்கு ‘மலைக்கள்ளன்’ குடுப்பியா? ரயில்ல போறவனுக்கு ரயில்வே கால அட்டவணையா?

அஞ்சாவதா ‘செம்மீன்’. தகழி மலையாளத்துல எழுதி 1956-ல வந்தது, சுந்தர ராமசாமி தமிழ்ல கொண்டுவந்தாரு. நல்ல புத்தகம்னு ஊரே சொல்லும், நானுஞ் சொல்லுதேன். ஆனா அத யாருக்கு எழுதியிருக்க? போன மாசம் கல்யாணம் முடிஞ்ச பயலுக்கு! புருசன் கடல்ல நிக்கையில பொஞ்சாதி மனசு தடுமாறுனா கடல்தாய் அவனக் கொண்டுபோயிருவாங்குற கதைலே அது. புதுப் பொண்டாட்டியும் புருசனுமா அலை பாத்துட்டு உக்காந்திருக்கையில படிக்க வேண்டிய சமாச்சாரமா? அந்தப் புள்ள உன்னப் பத்தி என்ன நெனைக்கும்?

மெட்ராசுல கொடத்தத் தூக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடி அலுத்துப் போயி, நாலு நாளு நிம்மதியா இருப்போம்னு இங்க வர்றவனுக்கு அசோகமித்திரனோட ‘தண்ணீர்’! மெட்ராசுல தண்ணிக்குப் படுற பாட்டச் சொல்லுற நாவல். உனக்கு ஈரம் இருக்காலே?

‘கிழவனும் கடலும்’ வேற போட்டிருக்க. ஹெமிங்வே எழுதி 1952-ல வந்தது. எண்பத்து நாலு நாளு மீனு கெடைக்காத கெழவன், ஒரு பெரிய மீனப் புடிச்சுக் கொண்டார வழியில சுறா தின்னுட்டுப் போவுது. இந்தக் கதைய நம்ம கரையில ஒரு பெரியவர்கிட்ட நான் சொன்னேன். கடைசி வரைக்கும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, “அவரு படகுக்கு யாரு கடன் குடுத்தது?”ன்னாரு. நோபல் பரிசுக்காரன் சொல்லாம விட்ட ஒரு விசயத்த ஒத்தக் கேள்வியில கேட்டுட்டாரு பாத்தியா?

இப்பம் ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லு. இந்தப் பத்துல நீ படிச்சு முடிச்சது எத்தன? வெரல மடக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.

அதாம்லே விசயம். நீ சேக்காளிக்குப் புத்தகம் சொல்லல. சேக்காளி முன்னால சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு நிக்க. ‘பாரு, எனக்கு இதெல்லாம் தெரியும்’ங்க. அவனும் லேசுப்பட்டவன் இல்ல. ‘ஆகா, அருமையான தேர்வு’ன்னு பதில் போட்டுட்டு, மண்ணுல உக்காந்து, அட்டைய அலைக்குக் காட்டி ஒரு படம் புடிச்சு அனுப்பிட்டு, புத்தகத்தப் பைக்குள்ள வச்சுட்டு மீன் வறுவல் திங்கப் போயிருதான். நீயும் படிக்கல, அவனும் படிக்கல. எழுதுனவரு மட்டும் பாவம், வருசக்கணக்கா உக்காந்து எழுதியிருக்காரு.

புத்தகம் சொல்லுறதுன்னா சம்மந்தம் பேசுற மாதிரிலே. ரெண்டு வீட்டயும் தெரிஞ்சிருக்கணும். பொண்ணு அழகு, படிச்சிருக்கான்னு ஒரு பக்கத்த மட்டும் பேசிட்டு வந்தா, மாப்பிள என்ன பாடு படுவான்? உன் சேக்காளி எத்தன மணிக்குத் தூங்குவான்? அவன் கண்ணாடி போட்டவனா? உக்காந்த எடத்துல நாலு பக்கம் படிப்பானா, நாப்பது பக்கமா? வீட்டுல என்ன துக்கம்? எதச் சொன்னாச் சிரிப்பான்? இது தெரியாமப் புத்தகம் சொல்லுறவன் கோட்டிக்காரன்.

உன் பட்டியலு போன எடத்துல கைக்கொழந்தையும் நாலு வயசுப் பயலுமா வர்ற ஒரு புள்ளையும் இருக்கால்லா? அவளுக்குப் போய், ‘கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது’ன்னு ஒரு மர்ம நாவலச் சொல்லியிருக்க. ஏலே, கொலைகாரா! பய தண்ணிக்குள்ள எறங்கிட்டு இருப்பான், ஆத்தா கொலைகாரன் யாருன்னு தேடிக்கிட்டு இருப்பா. கடல் நீரோட்டம் ஒரு வார்த்த சொல்லிட்டா இழுக்கும்? கொழந்தையோட கரையில உக்காந்திருக்கவளுக்கு எப்ப வேணாலும் கீழ வைக்கிற புத்தகமாக் குடுக்கணும். இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதை குடு. ஒரு கதை ரெண்டு பக்கம், மூணு பக்கம். படிச்சா வயித்தப் புடிச்சுச் சிரிக்கலாம், ரெண்டு கதைக்கு நடுவுல புள்ளையோட காலப் புடிச்சு இழுத்துப் போடலாம். சில கதை புள்ளைக்குச் சொல்லக்கூடாதது, அத அவளே பாத்துக்கிடுவா.

காதலு முறிஞ்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஒருத்தன் வாரானாம். அவனுக்கு நீ ‘மோகமுள்’ளு சொல்லியிருக்க. வேற பகையே கெடைக்கலியா? தி. ஜானகிராமன் பெரிய கையி, மறுக்கல. அதுக்காகப் புண்ணுல உப்பு தடவுறதுக்குக் கடக்கரை வரைக்கும் கூட்டிட்டு வரணுமா? அவனுக்குத் தேவனோட ‘துப்பறியும் சாம்பு’வக் குடு. பேங்கு குமாஸ்தா வேல பாத்த மண்டு ஒருத்தன், ஒண்ணுமே தெரியாம, குருட்டாம்போக்குல கள்ளனப் புடிச்சுக்கிட்டே இருப்பான். அதப் படிச்சா, ஒண்ணும் தெரியாதவனும் ஒலகத்துல பொழச்சுக் கெடக்கான்னு அவனுக்கு ஒரு தைரியம் வரும்.

பத்துப் பக்கத்துல கொறட்ட விடுறவன் ஒருத்தன் இருப்பான். எல்லா ஊர்லயும் இருப்பான். அவனுக்குச் சிறுகதை. புதுமைப்பித்தனோட ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. கடவுளே மெட்ராசுக்கு வந்து கந்தசாமிப் பிள்ளைகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்காரு. திருநெல்வேலிக் குசும்புன்னா என்னன்னு அதுல தெரியும். 1948-லயே மனுசன் போயிட்டாரு, எழுத்து இன்னும் கிள்ளுது. கொறட்டைக்காரன் கதை முடியிறதுக்குள்ள தூங்குனா, விட்டுரு. அவன் உடம்பு அசந்திருக்கு. தூங்கட்டும்.

பொன்னியின் செல்வனா? வந்துட்டியா அதுக்கும்! படம் பாத்துட்டேன், இப்ப புத்தகம் படிக்கணும்னு ஒருத்தன் கேட்டானாம், நீ மூணு நாளுப் பயணத்துக்கு அஞ்சு பாகத்தயும் தூக்கிட்டுப் போகச் சொன்னியாம். கல்கி அத 1950-லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதுனாரு. வாரத்துக்கு ஒரு வாய்னு ஊட்டுனத நீ ஒரே மடக்குல ஊத்தச் சொல்லுத. எங்க பெரியாச்சி வீட்டுல அந்தக் கல்கி பக்கத்தையெல்லாம் கிழிச்சுச் சேத்து, சணல்ல தச்சு, பழைய காலண்டர் அட்டையப் போட்டு வச்சிருந்தாவ. மணியம் போட்ட படமும் இருக்கும், நடு நடுவுல தலைவலித் தைலம் விளம்பரமும் இருக்கும். கோடை லீவுல அந்தக் கட்டு தெரு முழுக்கப் போகும். எந்த வீட்டுல இருக்குன்னு கேட்டா, ‘வந்தியத்தேவன் இப்ப கடேசி வீட்டுல இருக்கான்’னுதான் சொல்லுவாவ. வேப்பமரத்தடியில ஒருத்தி படிக்க, பதநீ குடிச்சுக்கிட்டு ஏழு பேரு கேப்பாவ. படிக்கத் தெரியாதவளுக்கும் பூங்குழலியத் தெரியும். அங்க எவளாவது ‘நான் படித்த புத்தகங்கள்’னு பட்டியல் போட்டாளா?

நல்ல புத்தகம் எதுன்னு கண்டுபுடிக்க ஒரு வழி சொல்லுதேன், வெளிய சொல்லாத. நம்ம ஊர்ப்புற நூலகத்துக்குப் போ. பின்னட்டையில நாலு பெரிய மனுசன் புகழ்ந்திருப்பான், அதப் படிக்காத. கடைசிப் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்லா, திருப்பிக் குடுக்க வேண்டிய தேதி குத்துன சீட்டு, அதப் பாரு. தேதி மேல தேதி விழுந்து, சீட்டு மேல சீட்டு ஒட்டியிருந்தா எடு. அதோட பக்கத்துல முறுக்கு எண்ணெ பட்டிருக்கான்னும் பாரு. எண்ணெக் கறை எந்தப் பக்கத்துல நிக்கோ, அது வரைக்கும் சாப்பாட்டு நெனப்பு இருந்திருக்கு. அதுக்குப் பெறவு எண்ணெ இல்லாம இருந்தா, ஒண்ணு கதை புடிச்சிருச்சு, இல்ல படிச்சவன் விட்டுட்டான். கடைசிப் பக்கம் அழுக்கா இருந்தா முதல் காரணம், பளிச்சுன்னு இருந்தா ரெண்டாவது காரணம். எந்த விமர்சகன்லே இம்புட்டு உண்மையா எழுதுதான்?

சீர்காழிக்காரரு ஒருத்தரு இருந்தாரு, எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாரு. 1924-ல மதராஸ் பல்கலைக்கழகத்து நூலகராப் போனாரு. 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதின்னு ஒரு புத்தகம் போட்டாரு, ஒலகமே இன்னைக்கு வரைக்கும் அதப் படிக்கு. அதுல ஒரு விதி, படிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் அவனுக்கான புத்தகம் போய்ச் சேரணும். இன்னொரு விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான ஆளு வந்து சேரணும். நாலாவது விதி உனக்குன்னே எழுதுனது, படிக்கிறவனோட நேரத்த வீணாக்காத. அதே 1931-ல மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில புத்தகத்த ஏத்தி ஊர் ஊராக் கொண்டு போனாங்க. வண்டியில எடம் எம்புட்டு இருக்கும்? ஏத்துறவன் யோசிச்சுத்தான் ஏத்துவான், எந்த ஊருக்காரன் எதப் படிப்பான்னு. உன் செல்லுல பாரம் தெரியல, அதான் அள்ளி எறியுத.

வீட்டு வரியோட சேத்து நூலக வரியும் கட்டுதோம், தெரியும்லா? 1948-லயே அதுக்குச் சட்டம் போட்டுட்டான். கட்டுன காசுக்காவது ஒருக்கா உள்ள போயி ஃபேன் காத்து வாங்கிட்டு வா.

கடக்கரையில நெசமாவே படிக்கிறவன் யாருன்னு கேப்ப. கேளு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, கெழக்குக் கரையில விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீனு முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம். உன் கோடை லீவும் அதேதான். தூத்துக்குடித் துறைமுகத்துல படகெல்லாம் வரிசையா நிக்கும். ஒருத்தன் வல தைப்பான், ஒருத்தன் பெயிண்ட் அடிப்பான், ஒருத்தன் எஞ்சினப் பிரிச்சுப் போட்டு வச்சுக்கிட்டு யாரத் திட்டலாம்னு பாப்பான். அந்தப் படகு நெழல்ல ஒரு பையன் வலைய மடியில போட்டுக்கிட்டு, அது மேல ஒரு பாக்கெட் நாவல விரிச்சு வச்சுப் படிச்சிட்டு இருந்தான். பஸ் ஸ்டாண்டுல தொங்குமே, அதுதான். கையடக்கம். முதுகுல ரெண்டு கம்பி அடிச்சிருக்கு, வெயிலுக்குக் கழலாது. காத்தடிச்சா முட்டிய வச்சு அமுக்கிக்கிடலாம். மழையில நனஞ்சாலும் போவுதுன்னு விட்டுரலாம்.

“என்ன கதை ராசா?”ன்னேன்.

“பேரு தெரியாது தாத்தா. அட்ட போயிட்டு. ஆனா தீயா இருக்கு.”

“யாரு சொன்னா இதப் படிக்கச் சொல்லி?”

“வின்ச் பாக்குற அண்ணன் சொன்னாவ. அவுகளுக்கு ஐஸ் ஏத்துறவரு சொன்னாராம். நான் முடிச்சிட்டு அந்தா அவனுக்குக் குடுக்கணும், கேட்டுக்கிட்டே இருக்கான்.”

பாத்தியா? ஒத்தப் புத்தகம், நாலு பேரு. பட்டியல் இல்ல, படம் இல்ல. ஒருத்தன் படிச்சு முடிச்சான், கையில குடுத்தான், ‘தீயா இருக்கு’ன்னான். நீ பத்துப் பேரச் சொல்லி ஒருத்தனையும் படிக்க வைக்கல. ஐஸ் ஏத்துறவரு ஒண்ணச் சொல்லி நாலு பேரப் படிக்க வச்சிருக்காரு. ரங்கநாதன் இருந்திருந்தா அவரக் கட்டிப்புடிச்சிருப்பாரு.

அந்தப் பயகிட்டப் போயி, ‘தம்பி, வண்ணநிலவன் எழுதுன கடல்புரத்தில்னு ஒரு நாவல் இருக்கு, உங்க சனத்தோட கதை’ன்னு சொல்லலாமான்னு வாயெடுத்தேன். நல்ல நாவல்லே அது. சின்னது, 1977-ல வந்தது, வல்லத்துக்காரனுக்கும் லாஞ்சுக்காரனுக்கும் நடக்குற சண்டையெல்லாம் அதுல உண்டு. ஆனா சொல்லல. அவன் கொலைகாரன நெருங்கிட்டான். அந்த நேரத்துல குறுக்க போறவன் நல்ல மனுசனா? அடுத்த வாரம் போகையில புத்தகத்தயே கையில கொண்டு குடுத்துக்கிடுவோம்னு வந்துட்டேன்.

இப்பம் நீ செய்ய வேண்டியது. வர்ற சனிக்கெழம ஆறு பேரக் கூட்டிட்டு வாறியாம், உங்க ஆச்சி சொன்னா. புத்தக மூட்டையெல்லாம் வேண்டாம். நீ படிச்சு முடிச்சதுல ரெண்டே ரெண்டு எடுத்துட்டு வா, போதும். முடிக்காதத எடுத்துட்டு வந்தேன்னா நான் நடுவுல ஒரு கேள்வி கேப்பேன், சேக்காளிமாரு முன்னால மானம் போயிரும். படிக்கவே புடிக்காத ஒருத்தன் இருக்கானாம்லா, அவனுக்கு எதையும் நீட்டாத. நுங்கு வெட்டிக் குடுப்போம். அலையப் பாத்துட்டுச் சும்மா உக்காந்திருக்கட்டும், அவன் ஒருத்தன்தான் கடலப் பாக்கணும்னு வாரான் போலுக்கு.

பெறகு, முக்கியமான சங்கதி. வரும்போது திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய புத்தகக் கடையில ஒரு எட்டு விசாரிச்சுட்டு வா. பாக்கெட் நாவல், அட்ட எப்படி இருக்கும்னு தெரியாது. முதல் அத்தியாயத்துல லிப்டுக்குள்ள ஒரு பொணம் கெடக்கும், செத்தவன் கையில ஒத்தக் கம்மல் இருக்கும். அந்தப் பய படிச்சதுல கடைசி ரெண்டு தாளு இல்லியாம். ஐஸ் ஏத்துறவரு டிரைவர்தான் கொன்னாங்காரு, வின்ச்சுக்காரன் இல்ல, அக்காக்காரிதாங்கான். இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. நானும் வாங்கிப் படிச்சுப் பாத்துட்டேன். எனக்கு அந்த வக்கீலு மேலதான் சந்தேகம்.